கொல்லைக் குளத்தில் வேலம்பாசி

நான்காம் வகுப்பு முடித்த கோடையில், குடவாசல் பக்கத்து எங்கள் ஊரில், வீட்டுக் கொல்லையில் சின்ன மாமா தனியாளாக ஒரு குளம் வெட்டினார். சரியாகச் சொன்னால், திரும்ப வெட்டினார். அங்கே முன்பே இருந்த குளத்தை, எல்லாரும் நடவுக்குப் போயிருந்த ஒரு நாளில் பண்ணை டிராக்டர் மண்ணடித்துத் தூர்த்துவிட்டுப் போயிருந்தது. பண்ணையார் நிலத்தில் நாங்கள் குடியிருந்த மனைக்கு அரசாங்கம் எங்களுக்குப் பட்டா தர இருந்தது. அதில் கொல்லையும் சேருமா, வீட்டுச் சுவரோடு நின்றுவிடுமா என்பதுதான் பண்ணைக்கும் எங்களுக்கும் தகராறு. கொல்லையை நாங்கள் நெடுநாளாகப் புழங்கினோம் என்பதற்கு அந்தப் பழைய குளம்தான் சாட்சி. எனக்கு அதெல்லாம் பெரியவர்கள் பேச்சு. குளம் போதும்.

ஆனியில் வாய்க்கால் தண்ணீர் வந்து குளம் நிறைந்ததும் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"இதுல வேலம்பாசி வளக்கணும். ஒன்னால முடியாது."

அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே வாய்க்காலில் இறங்கிவிட்டேன்.

வேலம்பாசி தண்ணீருக்குள்ளேயே மூழ்கி வளரும் கொடி. அதை ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, அடியில் கல் வைத்து வாழைநாரால் கட்டி, குளத்தில் இறக்கினேன். முதல் தடவை முடிச்சு அவிழ்ந்து எல்லாம் மிதந்தன. அடுத்த தடவை கலங்கல் தெளியுமுன் இறக்கியதில் இலைமேல் சேறு படிந்து அழுகிப்போயின. அப்புறம்தான் பொறுக்கக் கற்றேன். தண்ணீர் தெளிந்த பிறகு, வெயில் விழும் மேற்குக் கரையோரம் மட்டும் வைத்தேன். பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் உச்சிவெயிலில் இலைகளிலிருந்து குமிழ்கள் சரம் சரமாக மேலே வந்தன. இப்போது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், அது என்ன வாயு என்று தெரியும். அன்றைக்குத் தெருவையே கூட்டிவந்து, குளம் மூச்சு விடுகிறது என்று காட்டினேன். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "எங்க வாத்துக்குத் தீனி வளக்குறியாடி?" என்றார். சொன்னபடியே வாத்துகள் வந்தன. அம்மாவும் நானும் கருவமுள் வெட்டிப்போட்டு வேலி அடைத்தோம். புரட்டாசியில் குளத்தில் இறங்கினால் கால் சிக்கிக்கொள்ளும் அளவுக்கு ஒரே பச்சை.

அந்தப் புரட்டாசியில்தான் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். பண்ணையின் காரியக்காரர் குடையோடு கூட வந்தார்.

"இது கொளமே இல்ல சார். இந்தக் கோடையில வெட்டுன குழி."

சர்வேயர் கரையில் குந்தி, கையை விட்டு இழுத்தார். நத்தைகள் ஒட்டிக்கொண்டு, கயிறு கயிறாகப் பாசி வந்துகொண்டே இருந்தது.

"இந்தக் கோடையில வெட்டுன குழியிலயாய்யா இவ்வளவு பாசி?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எப்படி என்று சொல்ல ஒரே ஆள்தான் உண்டு, அது நான். வாயைத் திறந்தேன். அம்மாவின் கை முதுகில் அழுந்தியது.

"உள்ள போயி சாருக்கு மோர் கொண்டா."

"சொல்லிட்டுப் போறேம்மா."

"போன்னு சொன்னேன்."

மோர்ச் சொம்போடு ஓடிவருவதற்குள் குளத்துக்கு அந்தப் பக்கம் எல்லைக்கல் நட்டாகிவிட்டது. காரியக்காரர் வரப்பில் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார். மாமா சர்வேயரிடம், "அது பாட்டுக்கு வளருதுங்க, யாரு பாக்குறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அது பாட்டுக்கா?

சொம்பைத் தொப்பென்று வைத்தேன். மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் கண்ணில் தண்ணீர். ஏனென்று கேட்கத் தோன்றவில்லை. தலையில் குத்தினேன்.

"நாந்தான் வளத்தேன்னு சொல்லு மாமா."

"சொல்றேன். அவரு போவட்டும்."

அவர் போனார். மாமா யாரிடமும் சொல்லவில்லை. என் பெருமையை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று, தீபாவளி வரை நான் அவரோடு பேசவில்லை.