என் நாயின் வாய்மேல் விழுந்த பழி

தொண்ணூறுகளின் பிற்பகுதி. வண்ணார்பேட்டையில், ஒரே முற்றத்தைச் சுற்றி வீடுகள் இருந்த ஒரு வளவில், நாலைந்து குடும்பங்களுக்கு நடுவே தனியாகக் குடியிருந்தேன். துணைக்கு ஒரு நாட்டு நாய். வயதாகி ஈறு வீங்கி, கிட்டே போனால் வாய் நாறும். வீட்டுச் சொந்தக்காரரான வளவுக்காரரின் மகள் பத்தாம் வகுப்புப் படித்தாள். அவளுக்கு அந்த நாய்மேல் உயிர். மடியில் போட்டுக் கொஞ்சுவாள். அது முகத்தை நக்கும்.

திடீரென்று அவள் ஈறிலும் ரத்தம் வந்தது. முன்பல் இரண்டு ஆடத் தொடங்கின. வளவுக்காரர் எச்சில் விஷயத்தில் கறாரானவர். செம்பில் யாராவது வாய் வைத்துக் குடித்தால் அதைத் தூக்கி முற்றத்தில் எறிவார்.

"எங்க வீட்டுல எல்லாரும் அண்ணாந்துதான் குடிக்கோம். இது நாய் குடுத்த சீக்குதான்" என்று வளவு முழுக்கச் சொன்னார். பல் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அதற்கு அவர், நாய் போனால் எல்லாம் சரியாகும் என்றார்.

மறுநாள் காலையில் சுருக்குக் கம்பியோடு நாய் பிடிக்கிற ஆளைக் கூட்டி வந்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் நாய் நடுங்கியது.

"பொம்பளைன்னு பாக்கேன். எந்திரி."

"என்னத் தாண்டித்தான் போணும் அண்ணாச்சி."

கெட்ட வார்த்தை சொன்னார். நானும் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி ஓடிப்போய், நாய்க்கு மருந்து கொடுத்துவந்த கால்நடை டாக்டரம்மாவை அழைத்து வந்துவிட்டாள். நாய்களின் ஈறு நோயைத்தான் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். நாய் வாய்க்கிருமியும் மனித வாய்க்கிருமியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மரபணுவைப் பார்த்தால்தான் எது எதற்குச் சொந்தம் என்று தெரியும் என்றார். நாய்க்கிருமிதான் என்று வந்தால் தானே நாயைக் கொண்டுபோவதாகவும் சொன்னார். நாய்க்கும் பெண்ணுக்கும் வீட்டார் எல்லோருக்கும் ஈறில் பஞ்சு வைத்து ஒற்றி எடுத்தார். வளவுக்காரர்தான் முதல் ஆளாக வாயைத் திறந்தார். "எடுங்கம்மா, எனக்கென்ன பயம்?"

முடிவு சென்னையிலிருந்து வர மாதக்கணக்கானது. அதுவரை நாயைப் பூட்டியே வைத்திருந்தேன். யாராவது விஷம் வைத்துவிடுவார்களோ என்று கடைக்குப் போகவும் பயம்.

டாக்டரம்மா முற்றத்தில் நின்றே சொன்னார். "பேரு ஒண்ணுதான், வம்சம் வேற. நாய்க்கிருமி தனி. பிள்ளை வாயில கெடக்கது ஒங்க வாயில உள்ளதோட வம்சம் அண்ணாச்சி."

வளவுக்காரர் குதித்தார். அவர் மனைவிதான் மெதுவாகச் சொன்னாள்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் மென்ற வெற்றிலையில் கொஞ்சம் எடுத்து மகளுக்கு ஊட்டுவாராம். சின்ன வயதிலிருந்து பழக்கம்.

"பெத்த பிள்ளைக்கு என்னம்மா எச்சில்?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்.

என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அப்பாவும் மகளும் பல் டாக்டரிடம் போனார்கள். ஒரு பல் போய்விட்டது, மற்றது தப்பியது.

அன்றைக்கு நாயைக் கொன்றிருந்தால், சீக்கு ஒழிந்தது என்று நிம்மதியாக மதியம் அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் வெற்றிலை ஊட்டியிருப்பார்.