எஸ்தரைக் கொன்றது குதிரை இல்லை

எஸ்தர் போய்விட்டாள்.

நேற்று சாயங்காலம், பென்னாகரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டப வாசலில். நானும் அவளும் ஒரே ரைடிங் ஸ்கூலில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தோம். என் வயசுதான் அவளுக்கும்...

"வெறிபிடித்த குதிரை உதைத்து இளம்பெண் பலி." காலையிலிருந்து எல்லா குரூப்பிலும் இந்த ஒரே வரி. கூடவே அந்த வீடியோ.

குதிரைக்கு வெறியெல்லாம் பிடிக்கவில்லை.

அத்தனை முறை பார்த்தீர்களே, இன்னொரு முறை பாருங்கள். குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையை விடுங்கள், குதிரையின் காதைப் பாருங்கள். செண்டை மேளம் கிட்டே வர வர இரண்டு காதும் பின்னால் போய்த் தலையோடு ஒட்டிக்கொள்கின்றன. கண்ணில் வெள்ளை தெரிகிறது. வால் ஒரு நொடி சும்மா இல்லை.

அது கத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறது, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று. அத்தனை கூட்டத்தில் குதிரைக்காரரைத் தவிர ஒருத்திக்குத்தான் அது புரிந்தது.

பார்த்தாயிற்றா? இப்போது டெலீட் செய்யுங்கள்.

அவள் அங்கே வேலையாகப் போகவில்லை. கல்யாணப் பெண் அவளோடு காலேஜில் படித்தவள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு விருந்துக்குப் போனவள். குதிரை சேலத்துப் பக்கமிருந்து வாடகைக்கு வந்தது.

அப்போது எஸ்தருக்குப் பக்கத்தில் நின்ற கல்யாணப் பெண்ணின் அக்கா என்னிடம் அழுதுகொண்டே சொன்னார். மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் போய் எஸ்தர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

"மேளத்த நிறுத்தச் சொல்லுங்கண்ணா. அந்தக் கலர் பேப்பர் ப்ளாஸ்ட் மட்டும் வெடிக்க வேண்டாங்க. குதிரை ரொம்பப் பயந்து கெடக்குதுங்க."

"ஒரே ஒரு ரீலும்மா. எடுத்துட்டு நிறுத்திடறோம். நீ போயி சாப்புடு போ."

குதிரைக்காரரும் சொல்லியிருக்கிறார். அவரை யாரும் சட்டையே செய்யவில்லை.

அப்போதுதான் குதிரைக்குப் பின்னால் இரண்டு குழந்தைகள் வாலைப் பிடித்து விளையாடுவதைப் பார்த்திருக்கிறாள். நேர் பின்னால் யார் நின்றாலும் குதிரையின் கண்ணுக்குத் தெரியாது. அங்கே எதுவோ அசைந்தால் அதற்குத் தெரிந்த ஒரே பதில் உதைதான்.

ஓடிப்போய் இரண்டு பேரையும் பிடித்து வெளியே தள்ளினாள். அதே நேரம் எவனோ பேப்பர் ப்ளாஸ்டை வெடித்தான்.

இரண்டு பின்னங்காலும் அவள் நெஞ்சில்...

ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

குழந்தைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இன்று காலை ஒருவர் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார், "அந்த மிருகத்தைச் சுட்டுக் கொல்ல வேண்டும்" என்று. ரீல் கேட்ட அதே சித்தப்பாதான்.

வாய் நிறைய வசவு வருகிறது. எஸ்தருக்காக அடக்கிக்கொள்கிறேன்.

அவள் வகுப்பில் முதல் நாள் எந்தப் பிள்ளையையும் ஏற்றிவிட மாட்டாள். வேலிக்கு வெளியே நிறுத்தி, குதிரை காதை எப்படித் திருப்புகிறது, எந்தக் காலை ஓய்வாக வைக்கிறது என்று பார்க்கச் சொல்வாள். ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

"ஏங்க, இதப் பாக்கறதுக்கா கடத்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்தோம்?"

"உங்க வூட்டுக்கு யாராச்சும் வந்து, பேரு கூடக் கேக்காம உங்க முதுகு மேல ஏறி உக்காந்தா சும்மா இருப்பீங்களாங்க?"

அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மகள் இப்போது மாவட்டப் போட்டிக்குப் போகிறாள்.

குதிரையேற்ற ஹெல்மெட்டோடேயே ஸ்கூட்டி ஓட்டி ஒரு தடவை போலீஸில் மாட்டினாள். "இது குதிரைக்குப் போடறதுங்க சார்" என்று உளறியிருக்கிறாள். "அப்ப குதிரைக்குப் போட்டு உடும்மா, நீ வேற வாங்கு" என்றாராம் அவர். ஸ்கூலுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மூச்சு வாங்குகிற வரைக்கும்.

அவள் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே முறை. பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள் எங்கள் குதிரைக்கு மிச்சக் கேக்கையெல்லாம் ஊட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அது தரையைக் காலால் கிளறுகிறது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறது...

"அதுக்கு வாந்தி எடுக்க வராதுடி செல்வி! உள்ள போனத வெளிய தள்ள வழியே இல்ல. இவங்களுக்கு அது என்ன குப்பத்தொட்டியா?"

டாக்டர் வருகிற வரைக்கும் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு பக்கத்தை விட்டு நகரவில்லை. பிழைத்துக்கொண்டது. அப்புறம்தான் உட்கார்ந்து அழுதாள்.

இவளைத்தான் கமெண்ட்டில் கேட்கிறீர்கள், "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று. அந்த இரண்டு குழந்தைகளின் அம்மாவிடம் போய்க் கேளுங்கள்.

மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். குதிரைக்காரர் வாசலிலேயே நின்றார், உள்ளே வரத் தைரியம் இல்லாமல். அவளுடைய அப்பா எழுந்து போய் அவர் கையைப் பிடித்தார்.

"உள்ள வாங்க. குதிரைய ஒண்ணும் பண்ணிடாதீங்க. எம் புள்ள பொறுக்க மாட்டா."

அந்த ஆள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இதுவரை ஒருத்தரும் வரவில்லை. ஒருத்தரும்.

நாளை சாயங்காலம் கடத்தூரில் அடக்கம். அவளைத் தெரிந்தவர்கள் வாருங்கள்.

எஸ்தரு... காலையில் உன் பேட்ச் பிள்ளைகள் வருவார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ தூங்குடி.