பெட்டூனியாவும் நானும் பட்ட பாடு

பெட்டூனியா விக்கிறவ பொழப்பு இன்னான்னா, காலைல எழுந்ததும் பல்லு கூட தேய்க்காம ஓடிப்போய் இன்னிக்கு எது எது செத்துருக்குதுன்னு பாத்துட்டு வர்றது. உங்க பால்கனியில ஒரு தொட்டி தொங்கவுட்டு, அது எலும்பும் தோலுமா நீட்டிக்கிட்டு, நுனியில ஒரே ஒரு பூவ வெச்சு உங்களைப் பாத்து பல்லிளிக்குதுன்னா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. நீங்களும் நம்ம ஆளுதான்.

நான் ரொம்ப வருஷம் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில ஸ்டிச்சிங் லைன்ல இருந்தவ. காலைல கம்பெனி பஸ்ஸு, இருட்டுனப்புறம் கம்பெனி பஸ்ஸு, நடுவுல மிஷினு. தலைக்கு மேல டார்கெட் போர்டு. பாத்ரூம் போவணும்னாலும் சூப்பர்வைசர் மூஞ்சியைப் பாக்கணும். போதும்டா சாமின்னு விட்டுட்டு, கணியம்பாடியில ரோட்டோரமா ஒரு துண்டு நிலத்தை வாடகைக்குப் புடிச்சு நர்சரி போட்டேன். எங்க வீட்டுக்காரர் குமார் வெல்டிங் பட்டறையில வேலை செய்றாரு. அவரு ஒரே ஒரு கண்டிஷன் போட்டாரு. இந்தக் குளிர்காலத்துல நர்சரி நிமிர்ந்துட்டா சரி, இல்லைன்னா தை மாசம் பழையபடி நான் லைனுக்குப் போய்டணும். குளிர்காலத்துல பெட்டூனியா மாதிரி கண்ணைப் பறிக்கிற பூ வேற இன்னா இருக்குது? அத நம்பித்தான் தலையாட்டுனேன். அந்த மிஷின் முன்னாடி மறுபடி போய் உக்காரவே கூடாதுன்னு இருந்தேன்.

ஃபேன்

பெட்டூனியா விதையைப் பாத்துருக்கீங்களா? பாத்துருக்க மாட்டீங்க. அது கண்ணுக்குத் தெரிஞ்சாதானே! மூக்குப்பொடி தேவலாம். அதுவும் வெலையக் கேட்டா மயக்கம் வரும். மண்ணைப் போட்டு மூடவும் கூடாது, வெளிச்சம் பட்டாத்தான் மொளைக்கும். நான் ரூம்ல பேப்பர் விரிச்சு, பாக்கெட்டைப் பிரிச்சுக் கொட்டி, பல்குத்துற குச்சியை ஈரம் பண்ணி ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டு ட்ரேயில வெச்சிக்கிட்டு இருந்தேன். மூச்சைக் கூட பக்கத்துச் செவுத்துப் பக்கம் திரும்பித்தான் விட்டேன்.

வீட்டுக்காரர் பட்டறையிலேர்ந்து வந்தாரு. சட்டையக் கழட்டுனாரு. சுவிட்சைத் தட்டுனாரு. நான் "ஐயோ"ன்னு கத்தறதுக்குள்ள பேப்பர் தொடைச்சு வெச்ச மாதிரி ஆய்ப்போச்சு. ரூமைப் பெருக்கி, அந்தக் குப்பையைக் கொண்டுபோய் ட்ரேயில கொட்டிப் பாத்தேன். குப்பைக்கீரை நல்லா வந்துச்சு. அப்புறம் வேற விதை வாங்கி, ஃபேனோட ஃபியூஸைப் புடுங்கி வெச்சிட்டுத்தான் விதைச்சேன். அந்த மனுஷன் இன்னி வரைக்கும் ஒரே பேச்சுதான்:

"வேர்த்து ஊத்துச்சு, ஃபேனைப் போட்டேன். இதுல என் தப்பு இன்னா?"

தலைக்கு ஆவுமா?

நாத்து பொழைச்சு, மொதல் பூ வந்ததும் ரோட்டுல போறவங்க வண்டியை நிறுத்துனாங்க. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனா வர்ற பொம்பளைங்க எல்லாரும் கேக்கற மொதல் கேள்வி, தலையில வெக்கலாமா? ரெண்டாவது கேள்வி, சாமிக்குப் போடலாமா? ரெண்டுக்கும் இல்லைன்னுதான் சொல்லணும். தொட்டாலே கசங்குற பூவு, தொடுத்தா நார்தான் மிஞ்சும்.

ஒரு அம்மா என்னை நம்பல. ஊதா கலர்ல ஒண்ணைக் கிள்ளிக் கொண்டையில சொருகிக்கிட்டு, செல்போன்ல மூஞ்சியைப் பாத்தாங்க. பாத்துக்கிட்டு இருக்கும்போதே அது ஈரத்துணி மாதிரி தொங்கிடுச்சு. இலையைத் தொட்ட கை வேற பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சு. கையை என் தொட்டி மேலயே தொடைச்சிட்டு சொன்னாங்க:

"தலைக்கும் ஆவாது, சாமிக்கும் ஆவாது, கொழம்பு வெக்கவும் ஆவாது. அப்ப இன்னாத்துக்குத்தான் இத வளக்குற?"

மேல்விஷாரத்து போட்டோ

மேல்விஷாரத்துலேர்ந்து ஒரு பாய் வந்து, மகள் கல்யாணத்துக்கு வாசல்ல தொங்கவுடணும்னு ஆறேழு தொட்டி வாங்கிட்டுப் போனாரு. தங்கமான மனுஷன், பேரம் கூட பேசல. மறு வாரம் போட்டோ மேல போட்டோ வருது. இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, போர் தண்ணி. நம்ம பக்கத்து உப்புத் தண்ணியில பெட்டூனியா எங்க பொழைக்கும்? ஃபோன் பண்ணி, "பாய், அந்தத் தண்ணி வேணாம். மழைத்தண்ணி புடிச்சு ஊத்துங்க, இல்லைன்னா கேன் தண்ணி கொஞ்சமா ஊத்துங்க. செடி எப்படி கஷ்டப்படுது பாருங்க"ன்னு கொஞ்சம் காரமாவே சொல்லிட்டேன். அவரு ரொம்ப மரியாதையா சொன்னாரு:

"அம்மா, அந்தத் தண்ணியிலதான் நாங்க குளிக்கிறோம். எங்களுக்கும் முடி கொட்டுது, நாங்க யாருக்கு போட்டோ அனுப்புறது?"

மழை

கார்த்திகை மழையைப் பத்தி இன்னா சொல்றது. விடாம அடிச்சுது. பூவெல்லாம் கூழு, தண்டெல்லாம் அழுகல். நானும் வீட்டுக்காரரும் தார்ப்பாயை ஆளுக்கொரு பக்கம் புடிச்சிக்கிட்டு நனைஞ்சுக்கிட்டு நிக்கிறோம், காத்து அதையும் புடுங்கிக்கிட்டுப் போவுது. பக்கத்து நிலத்துக்காரர் நெல்லு போட்டவரு. குடையைப் புடிச்சிக்கிட்டு வரப்புல நின்னு வானத்தைப் பாத்து சிரிக்கிறாரு. கொஞ்சம் விட்டாத்தான் இன்னாவாம் இந்த மழைன்னு நான் அழாத குறையா பொலம்புனேன். நெல்லுக்காரர் வரப்புலேர்ந்தே கேட்டாரு:

"அட, உன் ஒருத்திக்காக ஊரைக் காயப்போடச் சொல்றியா?"

வேப்பமர நிழல்

பாதி செடி போய்டுச்சு. இனி லைனுதான்னு நான் மனசைத் தேத்திக்கிட்டு இருந்தப்ப, நான் வேலை பாத்த அதே ஷூ கம்பெனியிலேர்ந்து ஃபோன். அட்மின் மேனேஜர் ஜோசப் சார் பேசுறாரு. பொங்கல் முடிஞ்சதும் ஷூ ஆர்டர் குடுக்கற வெளிநாட்டு பையருங்க வர்றாங்க, கேட்டுலேர்ந்து ஷோரூம் வரைக்கும் வராண்டா பூரா தொங்குற தொட்டி வேணும், வாசல்ல ஒரு பூப்பாத்தி வேணும். "அவங்களுக்குப் புடிச்சுட்டா, வருஷம் பூரா தோட்டத்தை நீயே பாத்துக்கோ"ன்னாரு. அன்னிக்கு வீட்டுல நான் பாயசம் வெச்சேன். நர்சரி நிமிர்றதுக்கு அது ஒண்ணு போதும்.

மொதல் நாளே தகராறு. பாத்தியை வேப்பமரத்து அடியில போடணுமாம். சார், இதுக்கு நாளு பூரா வெயில் வேணும், நிழல்ல பூக்கவே பூக்காதுன்னேன். அவரு என்னை ஒரு பாவியைப் பாக்கற மாதிரி பாத்தாரு.

"நாங்களே ஏசியிலதாம்மா உக்காந்திருக்கோம், வாயில்லாத ஜீவனைப் போய் வெயில்ல நிறுத்தச் சொல்ற?"

அடைச்ச ஓட்டை

பாத்தி போனா போவட்டும், தொட்டியாவது நிக்கட்டும்னு இருந்தேன். எங்க வீட்டுக்காரர் பட்டறையில கம்பி வளைச்சு செஞ்ச கூடை, உள்ள தேங்கா நாரு, அதுக்குள்ள ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தொட்டி. ரோஸு, வெள்ளை, ஊதான்னு வராண்டா பூரா வழியுது. லைன்ல இருந்த தோஸ்துங்க எல்லாம் சாப்பாட்டு நேரத்துல வந்து செல்ஃபி எடுத்துக்கிட்டாங்க. எனக்கு பெருமை தாங்கல.

பையருங்க வர்றதுக்கு மொதல் நாள் போறேன், அத்தனையும் தலை தொங்கிக் கெடக்குது. தூக்கிப் பாத்தா கல்லு கனம். கவுத்துப் பாத்தேன். அடியில இருந்த ஓட்டை ஒவ்வொண்ணுத்துலயும் வட்டமா வெட்டுன லெதர் துண்டு, அதுவும் சொல்யூஷன் பசை தடவி, ஓரத்தைச் சீவி, அழகா ஒட்டியிருக்குது. வேர் பூரா தண்ணியில மூழ்கி அழுகிடுச்சு. தரை பெருக்கித் தொடைக்கிற ஆளுங்களுக்கு மேஸ்திரி மேரியக்கா. டைல்ஸ்ல சொட்டுது, பையருங்க வழுக்கி விழுந்துட்டா இன்னா பண்றதுன்னு அவங்கதான் சோல் ஒட்டுற செக்‌ஷன்ல சொல்லி இத செய்ய வெச்சது. நான் அங்கயே உக்காந்து வாய்விட்டு அழுதுட்டேன். மேரியக்காவுக்கு ஒண்ணும் புரியல:

"ஒழுகுச்சு, ஒட்டுனோம். ஷூ கம்பெனிமா இது, ஓட்டையப் பாத்துக்கிட்டு சும்மா இருப்போமா?"

ஒரு கோட்

அன்னிக்கு சாயந்திரமே கணியம்பாடிக்கு ஓடி, நர்சரியில மிச்சம் மீதி இருந்த எல்லாத்தையும், விதைக்குன்னு வெச்சிருந்த தாய்ச்செடி உள்பட, குட்டியானை வண்டியில ஏத்திக்கிட்டு வந்து மாட்டிட்டோம். இதுக்கப்புறம் என்கிட்ட ஒரு செடி கெடையாது. வண்டியில வந்த அலுப்புல கொஞ்சம் வாடியிருந்துச்சு, தண்ணி ஊத்திட்டோம், காலைல நிமிர்ந்துடும்.

காலைல பையருங்களுக்கு முன்னாடியே போய்ட்டேன். கேட்டுலேர்ந்தே கண்ணு கூசுது. ஒவ்வொரு பூவும் வெறைப்பா நிக்குது, வெயில்ல மின்னுது. தொட்டேன், நகத்துல தட்டுனா டொக்குங்குது. ஃபினிஷிங் செக்‌ஷன் சர்தார் பாய் ஸ்ப்ரே கன்னோட நிக்கிறாரு. பழைய பழக்கம், என்னைத் தங்கச்சின்னுதான் கூப்புடுவாரு. ஷூவுக்கு அடிக்கிற மேல்பூச்சை எல்லாச் செடிக்கும் அடிச்சு முடிச்சிட்டாரு. இலை மூச்சு விட முடியாம சாயந்திரத்துக்குள்ள கருகிடும்னு அவருகிட்ட எப்படி சொல்றது? அந்த மூஞ்சியில அவ்ளோ ஆசை.

"நேத்து நீ அழுதத பாத்தேன் தங்கச்சி, மனசு கேக்கல. அதான் ஒரு கோட் அடிச்சுட்டேன், இப்ப பாரு!"

சாம்பிள்

பையருங்க வந்தாங்க. நான் தூணுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு எல்லா சாமியையும் கூப்பிட்டேன். அதுல ஒரு வெள்ளைக்காரம்மா தொட்டிகிட்ட நின்னுச்சு. பூவைத் தடவுச்சு. ஓரத்தை மடக்கிப் பாத்துச்சு. கூட வந்தவங்ககிட்ட இன்னாவோ சொல்லுச்சு, எல்லாரும் ஆன்னு வாயப் பொளந்தாங்க. ஜோசப் சார் மூஞ்சி மொதல்ல வெளுத்து, அப்புறம் மலர்ந்துடுச்சு. எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. தோட்டம் நம்மளுதுன்னு நெனச்சேன்.

அவங்க உள்ள போனதும் சார் என்னைக் கூப்பிட்டாரு. அந்தம்மா அது லெதர்ல செஞ்ச பூவுன்னு நெனச்சுட்டாங்களாம். இவ்ளோ மெல்லிசா லெதரை எப்படி சீவுனீங்கன்னு கேட்டாங்களாம். பையர் வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வந்தப்புறம் இல்லைன்னு சொல்ற வழக்கம் எங்க கம்பெனியில கெடையாது. சாம்பிள் அனுப்புறோம்னு ஒத்துக்கிட்டாராம். சார், தோட்டம்னு கேட்டேன். அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டு, என்னை மேலயும் கீழயும் பாத்தாரு:

"நீ ஸ்டிச்சிங்லதானேம்மா இருந்தே?"

இப்போ

அன்னி சாயந்திரமே அத்தனை பூவும் பழுப்பாச்சு. அந்தத் தை மாசம் முடியறதுக்குள்ள நான் கம்பெனி பஸ் ஏறிட்டேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேலி பண்ணல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அதே லைன், அதே போர்டு. ஸ்கைவிங் மிஷின்ல சீவுன ரோஸ் கலர் ஆட்டுத்தோலை இதழ் மாதிரி மடிச்சு, நடுவுல சுருக்கு வெச்சு தெச்சிக்கிட்டு இருக்கேன். நரம்பு எங்க ஓடும், ஓரம் எப்படி நெளியும்னு கேக்க எல்லாரும் என்கிட்டதான் வர்றாங்க. பக்கத்து மிஷின்காரி விமலா நேத்து ஒண்ணைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா:

"பரவால்லக்கா, இதுக்கு மழை இல்ல, வெயில் இல்ல, தண்ணிப் பிரச்சினை இல்ல. நீ ஆசைப்பட்ட மாதிரியே ஆய்ப்போச்சு!"

ஆமா, சாகாத பெட்டூனியாவை ஒருவழியா நானும் உண்டாக்கிட்டேன், ஆனா காலைல எழுந்து ஓடிப்போய் அதப் பாக்கணும்னு ஒரு நாள் கூட எனக்குத் தோணல.