ஈயம் உருக்கும் வீடு

உத்தமபாளையம் பக்கம் நான் கிராம சுகாதார செவிலியராக இருந்த காலத்தில், என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரு பேட்டரிக்காரர் குடும்பம். கரண்டு வருவதும் போவதுமாக இருந்த வருஷங்கள். எங்கே பார்த்தாலும் இன்வெர்ட்டர். அவர் பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகட்டை வீட்டுக் கொல்லையில் அடுப்பு மூட்டி உருக்குவார். அவர் மகளுக்கு மூன்று வயது. ஓயாத வயிற்றுவலி, சோகை. "அத்தா, தண்ணி, வேணாம்" என்று வாய் ஓயாமல் இருந்த பிள்ளை, பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தது.

மேலதிகாரிகளிடம் சொன்னால், "பூச்சி மருந்து குடுத்தாச்சா?" என்பார்கள். குடுத்தாச்சு. "இரும்புச்சத்து டானிக்?" அதுவும்தான். என் பதிவேட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு, ஈயத்துக்குக் கிடையாது. கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் பிள்ளையின் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்து, ஈயம் ஏறியிருக்கிறது, இப்படியே விட்டால் மூளையைப் பாதிக்கும் என்றார்.

நேராகப் பேட்டரிக்காரரிடம் போனேன்.

"அண்ணே, அடுப்ப இன்னைக்கே இங்கனயிருந்து தூக்குங்க. இல்லேன்னா பிள்ளை பேசாது."

"நாங்களும் சின்னதுலருந்து இதுலதேன் கெடக்கோம். எங்களுக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சுன்னு உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

ஆனாலும் மனுஷன் மகளுக்காக அடுப்பை ஊருக்கு வெளியே தென்னந்தோப்புக்குக் கொண்டுபோனார். குளித்து, கைலி மாற்றிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கினார்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், ஈயம் கூடியிருந்தது! எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஒளித்து வைத்து வீட்டிலேயே உருக்குகிறார்கள் என்று முடிவுகட்டி, ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன்.

கொல்லை சுத்தமாகக் கூட்டிக் கிடந்தது. பிள்ளைக்குச் சோறூட்டும் நேரம். அதன் அம்மா ஒரு டப்பாவிலிருந்து சாம்பலை அள்ளி, பிள்ளையின் கையில் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இது எந்த அடுப்புச் சாம்பல்?"

"தோப்பு அடுப்புச் சாம்பல்தேன்க்கா. வீட்டுல கேஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்கன போக? அவுகளத்தேன் தெனமும் கொண்டாரச் சொல்றேன்."

"அட கூறுகெட்டவளே! இதப் போட்டுக் கழுவச் சொன்னது யாரு?"

அவள் மிரண்டுபோனாள்.

"நீங்கதானக்கா சொன்னீக. சோப்பு இல்லாட்டி சாம்பல் போட்டுக் கை கழுவுங்கன்னு, அடுப்பு தோப்புக்குப் போன மறு மாசம் கூட்டத்துல சொன்னீகள்ல. மத்தவக சிரிச்சாக. நான் ஒரு வேளகூட விட்டதில்ல."

பிள்ளை ஒன்றும் பேசாமல், கழுவாத இன்னொரு கையை நீட்டிக்கொண்டு நின்றது.