கோழிக்கூட்டுக் கூரைகளைத் திரும்பக் கேட்டவர்

ரிங்லெட் டவுன் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் பொன்னம்மா அக்கா தவறிப்போய்விட்டார் என்று சொன்னார்கள். வெளியே நல்ல மழை. காதில் சரியாக விழாததுபோல இன்னொரு தடவை கேட்டேன்.

எங்கள் எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளில், பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளைக் கழற்றும் கான்ட்ராக்டர் அவர். நான் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி. கணவர் இறந்த துக்கத்தில் அக்கா லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார், அது காலாவதியானது. அடுத்த லயத்து வேலை வேறு ஆளுக்குப் போகவிருந்தது. அவரை நம்பியிருந்த ஆட்களின் வீடுகளில் அடுப்பெரிவது சந்தேகம்தான்.

துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு லைசென்ஸ் அதிகாரியைப் பார்க்கப் போனார். இதுவரை கழற்றிய கூரையெல்லாம் எங்கே என்று அதிகாரி கேட்டார். புதைத்துவிட்டோம் என்று சொல்லும்படி நான் கண்ணைக் காட்டினேன். அக்காவோ, "கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்துட்டேங்க. கோழிக்கூட்டு மேலதான் கிடக்கு" என்றார். அதோடு விட்டாரா? "அந்தக் கூரைத் தூசி நெஞ்சுக்குள்ள போனா என்னங்க செய்யும்? கோழிக்கும் ஆகாதா?" என்று அவரையே குடைய ஆரம்பித்தார். அது நுரையீரலில் தங்கி நோயாக்கும் என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். எல்லாவற்றையும் மீட்டு முறையாகப் புதைத்தால் லைசென்ஸ் தருகிறேன் என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு பொய் சொல்லியிருந்தா இன்னிக்கே முடிஞ்சிருக்கும்லா அக்கா!"

"பொய் சொல்லியிருந்தா, தூசியைப் பத்தி நமக்கு யாரு தம்பி சொல்லியிருப்பா?"

வீடு வீடாகப் போனார். கூரையை நனைத்து, சாக்கில் சுற்றி இறக்கி, பதிலுக்குத் தகரம் அடித்துக் கொடுத்தார். லயத்துக்காரர்களே, கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறவள் என்று ஏசினீர்களே, நினைவிருக்கிறதா? முதல் மழை தகரத்தில் விழுந்த சத்தத்துக்குக் கோழிகள் மிரண்டு முட்டையிடாமல் போனதற்கும் அவரைத்தான் ஏசினோம். அக்கா பக்கம் பேசினால் மனைவி ஏசுவாள் என்று பயந்து நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். அக்கா குடையோடு வந்து எங்கள் கோழிக்கூட்டருகில் குந்திக்கொண்டார். "இந்தச் சத்தம் கோழிங்களுக்கு எப்பத்தான் பழகுதுன்னு பாப்போமே" என்றார். உண்மையிலேயே அதைத் தெரிந்துகொள்ளும் ஆசை அவருக்கு.

லைசென்ஸ் கிடைத்தது. லயத்து வேலையும் அவருக்கே வந்தது.

அவர் அடித்துக் கொடுத்த தகரம் எங்கள் கூட்டின் மேல் அப்படியே இருக்கிறது. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அவருடைய ஆசையில் கொஞ்சம் என்னிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்று ரொட்டியோடு வீடு திரும்பியபோதும் மழை விடவில்லை. தகரம் காதைப் பிளந்தது. கூட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கோழிகள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. எனக்குத்தான் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை.