குதிரை குடிக்காத குற்றாலத் தண்ணீர்

1962-ஆம் வருஷம், ஆனி மாதம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் மேலகரத்தில், எங்கள் வீட்டுப் பின்பக்கத்து மாட்டுத் தொழுவில் நடந்தது இது. இத்தனை வருஷம் கழித்தும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் என் கை சும்மா இருக்காது. ஆட்டி ஆட்டித்தான் சொல்வேன். எழுதும்போது அந்த வசதி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. இன்டர்மீடியட்டில் இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டு, அரசாங்கம் நடத்திய கோழி வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். வெள்ளை லெகார்ன் கோழி என்று ஒன்று இருப்பதே எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதில் முட்டைக்கு உதவாத சேவல் குஞ்சுகளாக நூறு வாங்கி, பத்துப் பன்னிரண்டு வாரம் வளர்த்து, குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்களுக்குக் கறிக்குக் கொடுப்பது என் திட்டம். தெருவில் எனக்குப் பெயரே ‘கோழி’ என்று ஆகிவிட்டது. நான் அதற்கெல்லாம் அசையவில்லை. அசையாததற்குக் காரணம் கோழி மட்டும் இல்லை.

ஆய்க்குடி முருகன் கோவிலில், சூரசம்ஹாரக் கூட்டத்தில் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தேன். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்தவரின் மகள். அம்மாவை நச்சரித்துச் சொல்லி அனுப்பியாயிற்று. பெண்ணின் அப்பா ஒரு நாள் வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு, பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, கோழிப் பண்ணை வைக்கப் போகிறேன், நூறு குஞ்சு வருகிறது, ஒன்றுகூடக் குறையாமல் வளர்த்துக் காட்டுவேன் என்று அடித்து விட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“சரி தம்பி. ஆவணி பொறந்ததும் வருதேன். நூறையும் நூறா காட்டுங்க, பொறவு பேசுவோம்.”

வைகாசி நடுவில் குஞ்சுகள் ரயிலில் வந்து இறங்கின. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளுக்குள் ஒரே கீச்சுச் சத்தம், தென்காசி ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வழியிலேயே இரண்டு செத்துப்போயிருந்தன. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மிச்சம் தொண்ணூற்றெட்டைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். தொழுவைச் சுத்தம் செய்து உமி பரப்பி, அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டு, கம்பு மாவும் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் கருவாட்டுத் தூளும் கலந்து வைத்தேன். மூன்று வாரத்தில் இறகு முளைத்துச் சண்டை போட ஆரம்பித்துவிட்டன.

ஆனி பிறந்தது. சாரல் விழுந்தது. இங்கேதான் என் புத்தி வேலை செய்தது.

சாரல் என்றால் எங்களுக்கு உயிர். எங்கெங்கேயோ இருந்து ஜனங்கள் செலவு செய்துகொண்டு வந்து படுகிற காற்று, நமக்குச் சும்மா கிடைக்கிறது. அது உடம்புக்கு நல்லது என்பதை நாங்கள் பால் குடிக்கிற நாளிலிருந்து கேட்டிருக்கிறோம். நம் குஞ்சுகளுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கட்டும் என்று தொழுவின் மேற்குப் பக்கம் தொங்கிய சாக்குத் திரைகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டேன். ஜிலுஜிலு என்று காற்று உள்ளே வந்தது. குஞ்சுகளும் நானும் கண்ணை மூடி அனுபவித்தோம்.

நான்காவது நாள் காலையில் போனால், பாதிக் குஞ்சுகள் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. இறக்கை தொங்கிவிட்டது. தீனி வைத்தது வைத்தபடி இருந்தது. உமியில் எங்கே பார்த்தாலும் ரத்தமாக எச்சம். நான்கு செத்துக் கிடந்தன. கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளை மிதித்தேன். டாக்டர் சுற்றுப்புறக் கிராமங்களில் முகாம் போயிருக்கிறார், வர நாலைந்து நாள் ஆகும் என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது. குற்றாலத்து அருவித் தண்ணீர் மலை மேலே எத்தனையோ மூலிகைகளைத் தொட்டுக்கொண்டு வருகிறது. அதில் குளித்தால் பித்தம் தெளியும், பசி எடுக்கும். மனுஷனுக்கு வெளியே ஊற்றினாலே இவ்வளவு என்றால், குஞ்சு உள்ளே குடித்தால் கேட்கவா வேண்டும்! சைக்கிளில் இரண்டு தகர டின்களைக் கட்டிக்கொண்டு பேரருவிக்குப் போனேன். சீசன் கூட்டத்தில் அருவிக்கு அடியில் நெருங்க முடியவில்லை. தண்ணீர் ஒன்றுதானே என்று கீழே ஓடுகிற இடத்தில் முகர்ந்து கொண்டுவந்து வைத்தேன். அம்மா கும்பிட்டுவிட்டு ஊற்றினாள்.

மறுநாள் ஏழு செத்தன. மூலிகை வேலை செய்ய நேரம் எடுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு டின் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் பதினொன்று. ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போடும்போது அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பெண்ணின் அப்பா டம்ளரைக் கீழே வைத்த சத்தம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுபடியும் குற்றாலத்துக்கே ஓடினேன். திரும்பும்போது பாரம் தாங்காமல் சைக்கிள் டியூப் வெடித்துவிட்டது. சைக்கிளைக் கடையில் போட்டுவிட்டு, டின்களைத் தூக்கிக்கொண்டு குதிரை வண்டி ஸ்டாண்டுக்கு வந்தேன்.

முதலில் நின்ற வண்டிக்காரர் ஒரு பாய். என் வயதுதான் இருக்கும். டின்களைப் பார்த்ததும், யாருக்குத் தண்ணீர் போகிறது என்று கேட்டார். நான் சோகத்திலும் பெருமை விடாமல், கோழிக் குஞ்சுக்கு வயிற்றுக் கடுப்பு, மூலிகைத் தண்ணீர் கொடுத்துக் குணமாக்கப் போகிறேன் என்றேன். அவர் டின்னுக்குள் கையை விட்டு, இரண்டு விரலைத் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு டின்னைத் தூக்கிக்கொண்டு போய்க் குதிரையின் முகத்துக்கு நேரே பிடித்தார். மேடேறி வந்த குதிரை, நல்ல தாகத்தில் இருந்தது. ஆவலாக மூக்கை நுழைத்தது. உடனே வெளியே இழுத்து ஒரு தும்மல் தும்மித் தலையைத் திருப்பிக்கொண்டது.

“பாத்தீயளா அண்ணாச்சி? இது அருவித் தண்ணி இல்ல. எண்ணெயும் சீயக்காயும் தேச்சுக் குளிச்சவுக அழுக்குத் தண்ணி. எம் குதிரையே வேண்டாங்கு, நீங்க குஞ்சுக்குக் குடுக்கீய.”

ஸ்டாண்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குதிரையையே அடித்திருப்பேன். ஆனால் நானும் விரலை விட்டு முகர்ந்து பார்த்தேன். நல்லெண்ணெய் வாசனை அப்படியே அடித்தது. இரண்டு நாளாக என் கையால் இதைத்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

பாய் சிரிப்பை நிறுத்தினார். டின்களைக் கவிழ்த்துவிட்டு என்னை வண்டியில் ஏறச் சொன்னார். சீசன் நாள், சவாரிக்கு ஆள் காத்திருக்கிறது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக எங்கள் தொழுவுக்கு வந்தவர் குஞ்சுகளைப் பார்க்கவே இல்லை. குனிந்து ஒரு பிடி உமியை அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

“கோழியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. ஆனா லாயத்துல ஈரம் நின்னா குதிரைக்கு மொதல்ல குளம்பு போவும், பொறவு வயிறு போவும். வயிறு எல்லாத்துக்கும் வயிறுதானே.”

அவ்வளவுதான், வேலை ஆரம்பித்துவிட்டது. மேற்குப் பக்கத்துச் சாக்குகளை இறக்கிக் கட்டினோம். நனைந்த உமியை முழுக்க வாரி வெளியே எரித்தோம். தரையில் அடுப்புச் சாம்பலைத் தூவினோம். சாரல் காலத்தில் காய்ந்த உமிக்கு எங்கே போவது? அதற்கும் அவரே வழி சொன்னார். தென்காசி அரிசி மில்லில் கொதிகலனை ஒட்டி அடுக்கியிருக்கிற மூட்டைகள் சூடாகவே இருக்குமாம். குதிரை வண்டியில் உமி மூட்டைகளை ஏற்றி, அதன் மேல் நான் உட்கார்ந்து வந்ததைத் தெருவே பார்த்தது. அம்மா தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினாள். பாய், குதிரைக்கு வயிறு கெட்டால் கொடுப்பதைச் சொன்னார்: பூண்டு, மஞ்சள், ஓமம். அம்மியில் மூன்றையும் அரைத்துக் கம்பு மாவில் பிசறி வைத்தோம். தொழு முழுக்க ஊறுகாய் வாசனை. பிழைக்கும் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. பிழைத்தால் ஒரு சேவல் தன் வீட்டுக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மூன்று செத்தன. அதற்கு அடுத்த நாள் ஒன்று. மூன்றாம் நாள் விடிந்ததும் கதவைத் திறக்கப் பயந்து கொஞ்ச நேரம் வெளியே நின்றேன். உள்ளே சத்தம் கேட்டது. திறந்தால், தொங்கிய இறக்கைகள் நிமிர்ந்திருந்தன. தீனித் தொட்டியில் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு நின்றன. குனிந்து உமியைப் பார்த்தேன். எச்சம் கெட்டியாக, மேலே வெள்ளையாக விழுந்திருந்தது! கோழி எச்சத்தைப் பார்த்து அந்தக் குதி குதித்தவன் தென்காசி வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். அவளும் உட்கார்ந்து உற்றுப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குலே” என்றாள்.

டாக்டர் ஊர் திரும்பியதும் வந்து பார்த்துத் தண்ணீரில் கலக்க ஒரு மருந்து கொடுத்தார். பூண்டும் மஞ்சளும் குடலுக்கு நல்லதுதான், தீனி எடுக்க வைக்கும். ஆனால் நனைந்த உமியை மாற்றாமல் மூட்டை மூட்டையாகப் பூண்டு போட்டிருந்தாலும் மிஞ்சியிருக்காது என்று விளக்கினார். அருவித் தண்ணீர் விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்வதாக இல்லை.

ஆவணி பிறந்தது. சேவல்கள் கொண்டை சிவந்து கம்பீரமாக நின்றன. எழுபத்திரண்டு. நூறு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன்: ஊரெல்லாம் ஒரு சீக்கு வந்தது, எல்லார் வீட்டுக் கோழியும் போயிற்று, என் திறமையால் இவ்வளவு மிஞ்சியது. கேட்க நன்றாகவே இருந்தது. பெண்ணின் அப்பா ரயிலில் வருகிறார் என்று தெரிந்ததும் மரியாதையாக அழைத்து வர ஒரு வண்டி ஏற்பாடு செய்தேன். யாருடைய வண்டி என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வேறு யாரைத் தெரியும்?

அவர் வந்து இறங்கினார். வரவேற்றுத் தொழுவுக்கு அழைத்துப் போனேன். சேவல்களை நிதானமாகப் பார்த்தார். எண்ணிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஊரெல்லாம் ஒரு சீக்கு வந்தது என்று ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“அருவித் தண்ணி குடுத்தீயளாமே தம்பி?”

திரும்பிப் பார்த்தால், வாசலில் பாய் குதிரைக்குப் புல் போட்டபடி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷனிலிருந்து வருகிற வழி முழுக்கத் தன் குதிரையின் புத்திசாலித்தனத்தைப் புகழ்ந்துகொண்டே வந்திருக்கிறார்! எண்ணெய், சீயக்காய், தும்மல், நான் நடு ரோட்டில் அழுதது, எல்லாம் அதில் அடக்கம்.

பெண்ணின் அப்பா குனிந்து ஒரு பிடி உமியை அள்ளிப் பிழிந்தார். அதையும் வழியில் கேட்டிருக்க வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தது. கையைத் தட்டிக்கொண்டார்.

“இந்தத் தப்பை வண்டிக்காரரு சொல்லிக் கேட்டேன். அடுத்த தப்பை நீங்க சொல்லிக் கேக்கணும், மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை என்ற அந்தக் கடைசி வார்த்தை மண்டையில் ஏற எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஏறியதும் நான் என்ன செய்தேன் என்பதை எழுதப்போவதில்லை. சேவல்கள் பயந்து மூலைக்கு ஓடின என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சாயங்காலம், இருக்கிறதிலேயே பெரிய சேவலாகப் பிடித்து பாயின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கொடுத்துவிட்டு, அந்தக் கதையை அவரிடம் ஏன் சொன்னீர்கள், என் மானமே போய்விட்டதே என்று குறைபட்டேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இதுல மறைக்கதுக்கு என்ன அண்ணாச்சி இருக்கு? குஞ்சுதான் பொழைச்சிட்டே.”

இப்போது என் பேரன்மார் பெரிய பெரிய ஷெட் போட்டுக் கறிக்கோழி வளர்க்கிறார்கள். மூலிகை கலந்தது, குடலுக்கு நல்லது என்று அச்சடித்த தீவன மூட்டைகள் வந்து இறங்குகின்றன. பிரித்தால் பூண்டு வாசனை குப்பென்று வரும், எனக்குப் பாயின் முகம் வரும். நான் போனால் முதலில் குனிந்து ஒரு பிடி உமியை அள்ளிப் பிழிந்து பார்ப்பேன். தாத்தாவுக்கு இதே வேலை என்று பேரன்கள் சிரிப்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எத்தனையோ தப்புச் செய்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வாய் ஒரு பொய்க்குத் தயாராகும்போது, தும்மிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்ட அந்தக் குதிரை கண்முன்னே வந்து நிற்கும். பேசாமல் என் மனைவியிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுவேன்.