தண்ணீரில் இறங்கி வந்தவர்

எங்கள் வீட்டுத் தறி குழித்தறி. கூடத்தில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதித்து நெய்ய வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இப்படித்தான். வாசல் கால்வாய் அடைத்துக்கொண்டால் தெருத் தண்ணீர் முதலில் தேடி வருவது தறிக்குழியைத்தான். மிதிகட்டை ஊறும், தறியில் நீளமாகக் கட்டிய பாவுப் பட்டு நமத்துப் போகும், வேலை நிற்கும். வேலை நின்றால் வீட்டில் என்னவெல்லாம் நிற்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இது தெருவில் ஓட்டுப் போடுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தும் செய்தார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்தக் கால்வாயை முதலில் கட்டியவர் எங்கள் வார்டின் பழைய கவுன்சிலர். தெருக்கோடியைப் பார்த்துச் சாய வேண்டிய கால்வாய், நடுத்தெருவைப் பார்த்துச் சாய்ந்தது. சிமென்ட்டை விரலால் சுரண்டினால் மணலாக உதிரும். அதே வருடம் அவர் வீட்டுக்கு மேல் இன்னொரு மாடி ஏறியது. இதில் ஒளிவுமறைவே கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு அந்த மாடியைக் காட்டி, அதோ நம்ம கால்வாய் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் கோபம் இருக்கிறது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதில் பாதிக்கு மேல் மெச்சுதல் என்று பிறகுதான் உறைத்தது. எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்தவன், பிழைக்கத் தெரிந்தவன். தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லையே என்ற ஏக்கம்கூட அதில் கொஞ்சம் இருந்தது.

அடுத்த தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஆனது. அவர் தன் மனைவியை நிறுத்தினார். மைக்கைப் பார்த்தாலே அந்த அம்மாவுக்குத் தலை சுற்றும். போதாததற்கு அவர் கட்சிக்குள்ளேயே அடிதடி. அந்த இடுக்கில் என் அக்கா சுயேச்சையாக நின்று ஜெயித்துவிட்டாள். அக்கா எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள், அவளும் நெய்கிறவள்தான். ஜெயித்ததும் அவளுக்கு ஒரே குறி, அந்தக் கால்வாய்.

கால்வாயை நேராகத் தோண்ட வேண்டும் என்றால் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்த வாசல் படிகளையும், வண்டி ஏற்றுகிற சரிவுகளையும் இடிக்க வேண்டும். அக்கா முதலில் தன் வீட்டுப் படியை இடிக்கச் சொன்னாள். அடுத்து என் வீட்டுப் படி. என் மனைவி அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். மூன்றாவதாக எதிர் வீடு. எதிர் வீட்டு அண்ணன் தன் பெண்ணின் கல்யாணத்துக்காகக் கருங்கல்லில் பளபளவென்று படி போட்டிருந்தார். சம்பந்தி ஏறி வந்த படி என்று கெஞ்சினார், பிறகு கத்தினார். அந்தக் கல்லை உடைக்காமல் பெயர்த்துக் கொடுக்கச் சொன்னாள் அக்கா. அவர் அதைச் சுவரோரம் சாத்தி, மேலே சாக்கைப் போட்டு மூடி வைத்தார். யாரோ செத்துப்போன வீடு போல இருந்தது அன்றைக்கு எங்கள் தெரு.

அந்த வருட மழையில் ஒரு வீட்டுத் தறிக்குழியிலும் தண்ணீர் ஏறவில்லை. என் மனைவி வடை சுட்டு அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். தெருவில் வேறு யாரும் வாயே திறக்கவில்லை. மழை பெய்கிறது, தண்ணீர் ஓடுகிறது, இதில் பேச என்ன இருக்கிறது என்ற மாதிரி இருந்தார்கள். இடிபட்ட படியைப் பற்றி மட்டும் தினமும் பேசினார்கள்.

இன்னொரு குறையும் சொன்னார்கள். தெருக்கோடியில் ஒரு விதவை அம்மா, உதவித்தொகைக்குச் சிபாரிசு செய்யச் சொல்லி அக்காவிடம் வந்தார். உனக்கே கிடைக்க வேண்டியதுதானே, நீயே தாலுக்கா ஆபீஸில் கொடு, யார் காலிலும் விழாதே என்று சொல்லி, என்னென்ன வேண்டும் என்று விளக்கி அனுப்பினாள் அக்கா. பணமும் வந்தது. ஆனால் அந்த அம்மா தெருவெல்லாம் என்ன சொன்னார்? கவுன்சிலர் என்று பேர்தான், ஒரு போன் போடக்கூடத் துப்பில்லை, நானே அலைந்து வாங்கினேன் என்று. பழைய கவுன்சிலர் தன் காலத்தில் வந்தவர்களை நாள் கணக்கில் காக்க வைத்து, கையில் காசும் வாங்கிக்கொண்டு, அதே உதவித்தொகையைக் கொடுக்க வைத்தால், அவரு வாங்கிக் குடுத்தாரு என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள். உரிமையாக வந்தால் அது யாரும் கொடுக்காதது. பிச்சையாக வந்தால் மகராசன் கொடுத்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கு கசக்கிறது.

அக்கா காலம் முடிந்து, உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஒருவழியாக வந்தது. இந்த முறை வார்டு பொதுவாகிவிட்டதால் பழைய கவுன்சிலரே நின்றார், அக்காவும் நின்றாள். அவர் ஆட்கள் வீடு வீடாகப் பணம் கொடுத்தார்கள். அதனால்தான் அக்கா தோற்றாள் என்று சொன்னால் எனக்கும் நிம்மதியாக இருக்கும், கேட்பவர்களுக்கும் சுலபமாக இருக்கும். ஆனால் பணம் வாங்காதவர்களும் அவருக்குத்தான் போட்டார்கள். ஓட்டுக்கு முந்தின நாள் எதிர் வீட்டு அண்ணனிடம் நான் நேராகவே கேட்டேன், அந்த மனுஷன் கட்டின கால்வாயால் உங்கள் தறி எத்தனை மழைக்கு மூழ்கியது, மறந்துவிட்டதா என்று.

"தின்றான்பா, யாரு இல்லன்னா? தின்னாதவன் யாரு இருக்கறான், சொல்லு. ஆனா நம்மள அனுசரிச்சுப் போறான் இல்ல? படிய திரும்ப வச்சுக்கங்க, எவன் வந்து கேக்கறான்னு நான் பாக்கறேன்னுட்டான். உங்க அக்கா நல்லவதான். அந்த நல்லத வச்சுக்கினு நாங்க இன்னா செய்யறது?"

நல்லவள் என்பதை ஒரு ஊனத்தைச் சொல்வது போல, பாவப்பட்டுச் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பழைய கவுன்சிலரே ஜெயித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அந்த ஒரு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. பட்டாசுக் குப்பை அள்ளுவதற்குள் எதிர் வீட்டுக் கருங்கல் தன் இடத்துக்குப் போய்விட்டது. அதைப் பார்த்து அடுத்த வீடு, அடுத்த வீடு என்று தெரு முழுக்கப் படி முளைத்தது. சிலர் கால்வாயையே மூடி வண்டி நிறுத்த இடம் செய்துகொண்டார்கள். எங்கள் இரண்டு வீட்டு வாசலில் மட்டும் கால்வாய் திறந்து கிடந்தது, அதில் மற்றவர்கள் குப்பையைக் கொட்டினார்கள். அக்கா மனுக் கொடுத்தாள். தோற்ற வயிற்றெரிச்சல் என்றார்கள்.

போன ஐப்பசியில் அடைமழை பிடித்தது. இரண்டாம் நாள் காலையில் எங்கள் கூடத்தில் தண்ணீர். தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை இருந்தது. நானும் மனைவியும் பாவு நூலை மூடுவதற்குள் குழி நிறைந்துவிட்டது. அக்கா வீட்டிலும் அதே கதிதான். என் தறியில் புடவை இருக்கிறது என்று தன் குழியை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் வாளியோடு வந்து என் குழியை இறைத்துக்கொண்டிருந்தாள். இறைக்க இறைக்கத் தெரு உள்ளே வந்துகொண்டிருந்தது.

வெளியே ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். கவுன்சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் குடை பிடிக்க ஒருவன், போன் பிடித்துப் படம் எடுக்க ஒருவன், சாப்பாட்டுப் பொட்டலம் தூக்க இரண்டு பேர். ஒவ்வொரு வாசலிலும் நின்றார். என்னம்மா இப்படி ஆயிடுச்சே என்று உச்சுக்கொட்டினார். அந்த விதவை அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எதிர் வீட்டு அண்ணனின் தறியும் மூழ்கித்தான் கிடந்தது. அவர் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கவுன்சிலர் நகர்ந்ததும் என் வாசல் பக்கம் திரும்பினார்.

"பாத்தியாப்பா, எவ்ளோ பெரிய ஆளு, சாக்கடைத் தண்ணின்னும் பாக்காம இறங்கி வர்றாரு. உங்க அக்கா அஞ்சு வருசம் இருந்துச்சே, ஒரு மழைக்காவது இந்த மாதிரி வந்து எட்டிப் பாத்துச்சா?"

வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். அதற்குள் அக்கா வாளியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அப்போ தண்ணி வரலியேண்ணா," என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். எனக்கு அந்த ஒரு கணம் நம்பிக்கைகூட வந்தது.

"அது வேற விஷயம்மா," என்றார். பிறகு தண்ணீரிலிருந்து காலை எடுத்துத் தன் கருங்கல் படி மேல் ஏறி உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்தார்.